தீவில் வாழ்வோரின் ஹக்கு

 



திருச்சிவாசிகளிடம் "நீங்கள் தீவு பார்த்ததுண்டா?" என்று கேட்டால் சிலர் ராமேசுவரம் என்பார்கள், பிழைப்புக்குப் போய் வந்தவர்கள் சிங்கப்பூர் என்பார்கள். காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குக் கடை திறக்கப் போகிறவருக்கும், அங்கே வேலைக்குப் போய்வருகிறவருக்கும் தாம் நாள்தோறும் ஒரு தீவுக்குப் போய்த் திரும்புகிறோம் என்பது நினைவில் இருப்பதில்லை. மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்புறம் காவிரி, வடபுறம் கொள்ளிடம். கிழக்கே கல்லணையருகே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு நீரால் சூழப்பட்டுக் கிடக்கும் மண்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும்.

தென்கரையில் வாழும் நாமும் அந்த நீரை நம்பியே இருக்கிறோம். மாநகராட்சிக் குழாயில் வரும் குடிநீர் இந்த இரு ஆறுகளின் மணலுக்கு அடியில் அமைத்த கிணறுகளிலிருந்து எடுக்கப்படுவதுதான். நத்ஹர் வலி தர்காவுக்கு வரும் யாத்திரிகர் முகம் கழுவும் நீரும், பாலக்கரை வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் நீரும் அந்த மணல் வடிகட்டித் தந்தவை. உலகம் சூடேறுவதால் தீவுகளுக்கு நேரும் கதியைப் பற்றி இம்மாதம் பேச நினைத்தபோது, கடலுக்குப் போகுமுன் இந்த ஆற்றுத் தீவிலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றியது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. அதற்கடுத்த கோடையில் காவிரி வெறும் மணற்காடாய்க் கிடந்தது. நம் மாவட்டத்து விவசாயிகள் டில்லிக்குப் போய் வீதியில் அமர்ந்தார்கள். 2017 ஆடிப்பெருக்கன்று நம் இந்து சகோதரர்கள் படித்துறைக்கு வந்தபோது ஆற்றில் பெருக்கு இல்லை. மறு ஆண்டு, 2018 ஆகஸ்டில், வயநாட்டிலும் குடகிலும் கொட்டிய மழை கபினி வழியாகவும் காவிரி வழியாகவும் இறங்கிவந்து மேட்டூரை நிரப்பி, விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவில் கீழே பாய்ந்தது. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் தூண்கள் சரிந்தன. ஆகஸ்டு 22 இரவில், ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிக் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கத்து 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஓராண்டுக்கு முன் குடிக்க நீரில்லாமல் தவித்த ஊர், அணை உடைந்து ஓடும் நீரைப் பாலத்தில் நின்று பார்த்தது.

இரண்டுக்கும் முழுக் காரணம் உலக வெப்பமே என்று சொல்லிவிட முடியாது. மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கப்படாததற்கு மாநிலங்களுக்கிடையே உள்ள வழக்கும் ஒரு காரணம். மேலணைக்கு 180 வயதாகியிருந்தது. ஆற்று மணலை அள்ளியதைப் பற்றியும் அப்போது பெரிய விவாதம் எழுந்தது. நெற்றியைச் சுட்டுக்கொண்டவன் கை தவறியதைச் சொல்லாமல் அடுப்பை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் அடுப்பின் கதையையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிந்து வெளியாகும் கரியமில வாயு, பூமியின்மேல் கம்பளிபோல் படிந்து வெப்பத்தை வெளியேற விடுவதில்லை. இயந்திர யுகத்துக்கு முன் காற்றின் 10 லட்சம் பங்கில் 280 பங்கு இருந்த இந்த வாயு இன்று 420 பங்குக்கு மேல். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை இறக்காமல் நாட்கணக்கில் திரியும். இறக்கும்போது ஒரே மூச்சில் கொட்டும். வறட்சி நீள்வதற்கும், மழை வந்தால் அடித்து நொறுக்குவதற்கும் வேர் ஒன்றே என்று அறிவியலார் கூறுவது இதனால்தான். 2024ஆம் ஆண்டு, இயந்திர யுகத்துக்கு முந்திய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடேறிய முதல் ஆண்டாகக் கணக்கிடப்பட்டது.

ஒரே வாரத்தில் வறட்சியையும் வெள்ளத்தையும் கண்ட ஓர் ஊர் ஹதீதில் இருக்கிறது. அது மதீனா. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வரும் நிகழ்ச்சியை நம் உலமாக்கள் ஜும்ஆவில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் ஒருவர் உள்ளே வந்து, கால்நடைகள் மடிகின்றன, பாதைகள் அற்றுப்போயின, மழைக்காக இறைஞ்சுங்கள் என்று வேண்டினார். பெருமானார் கைகளை உயர்த்தினார்கள். மேகமே இல்லாதிருந்த வானத்தில் ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போல் ஒரு மேகம் எழுந்து பரந்தது. வாரம் முழுவதும் மக்கள் சூரியனைப் பார்க்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் அதே வாசல் வழியே ஒருவர் வந்தார். கால்நடைகள் மடிகின்றன, பாதைகள் அற்றுப்போயின என்று அதே முறையீட்டைச் சொல்லி, இப்போது மழை நிற்க துஆ கேட்டார்!

அப்போது நாயகம் (ஸல்) அவர்கள் செய்த துஆவைக் கவனியுங்கள். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் மீது வேண்டாம், எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும்; குன்றுகளிலும் மேடுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்ற கருத்தில் வேண்டினார்கள். தமிழகத்தில் மழைக்காலம் பொய்த்த ஆண்டுகளில் பல ஊர்களிலும் மழைத் தொழுகைக்குத் திடலில் கூடினோமே, அந்த முதல் துஆவை நாம் அறிவோம். இரண்டாவது துஆவில் ஒரு பாடம் உண்டு. நீருக்கு உரிய இடம் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை அதற்கு விட்டுவைப்பதும் அந்த துஆவுக்குள் அடக்கம் அல்லவா?

இனி கடலுக்கு வருவோம்.

அரபிக் கடலில் கேரளக் கரைக்கு மேற்கே லட்சத்தீவுகள். 36 தீவுகளில் 10இல் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் 64 ஆயிரம் பேர். 100க்கு 96 பேர் முஸ்லிம்கள். அதற்கும் தெற்கே மாலத்தீவு நாடு. ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள், நாடு முழுவதும் முஸ்லிம்கள். தமிழகத்திலிருந்து ஆசிரியர்களாகவும் பணியாளர்களாகவும் அங்கே போனவர்கள் பலர். அந்தத் தீவுகளின் சராசரி உயரம் கடலிலிருந்து ஒன்றரை மீட்டர். அதாவது, நம் வீட்டில் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தலை உயரம். அவ்வளவுதான் ஒரு நாடு!

கடல் உயர்வதற்குக் காரணம் இரண்டு. துருவங்களிலும் மலைகளிலும் உள்ள பனி உருகி வருவது ஒன்று. நீர் சூடானால் விரிவது மற்றொன்று. விளிம்புவரை நிரப்பிய பாத்திரத்தைச் சூடேற்றினால் கொதிக்கும் முன்பே வழிவதைத் தாய்மார்கள் அறிவார்கள். 1993இலிருந்து செயற்கைக்கோள் கொண்டு அளந்ததில் உலகக் கடல் சுமார் 10 செண்டிமீட்டர், அதாவது நான்கு அங்குலம் உயர்ந்திருக்கிறது. உயரும் வேகம் அந்தக் காலத்துக்குள்ளேயே இரட்டிப்புக்கு மேல் ஆகிவிட்டது.

நான்கு அங்குலத்தில் என்ன மூழ்கிவிடும் என்று கேட்கலாம். தீவுவாசியின் முதல் கவலை வீடு மூழ்குவது பற்றியதன்று. அவனுடைய கிணறு முதலில் போய்விடுகிறது. இதைச் சற்று விளக்க வேண்டும்.

பவளத் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. பெய்கிற மழை பவள மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். இது அளந்து கண்ட கணக்கு. இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வருகிறது. மழை பொய்த்தாலும், மோட்டார் வைத்து அதிகமாய் இறைத்தாலும், கடலலை கரை தாண்டி ஒருமுறை கிணற்றில் விழுந்தாலும், பாட்டன் காலத்திலிருந்து குடித்துவந்த கிணறு உப்பாகிவிடுகிறது. தென்னை வாடுகிறது. தாகத்துக்குக் கப்பலை எதிர்பார்க்கும் நிலை வருகிறது.

இனிய நீரும் உவர் நீரும் அடுத்தடுத்து இருக்க, அவற்றுக்கிடையே அல்லாஹ் ஒரு திரையை அமைத்திருப்பதை ஸூரத்துல் ஃபுர்கான் 53ஆம் ஆயத்து நமக்கு நினைவூட்டுகிறது. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை வைத்து இதை விளக்குவது வழக்கம். பவளத் தீவின் மக்களோ அந்தத் திரையின் மீதே குடியிருக்கிறார்கள். அவர்களுடைய கிணறு, தோட்டம், மையவாடி எல்லாமே அந்த மெல்லிய திரையின் மேல்தான்.

2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது. நகரின் நிலத்தடி நீர் ஏற்கனவே கெட்டுப்போயிருந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நாற்புறமும் கடல், குடிக்கத் தண்ணீர் ஆகாயத்திலிருந்து, அதுவும் விமானத்தில்! நம் லட்சத்தீவின் கவரத்தியில் 2005இலிருந்து சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த ஆலைதான் கடல்நீரிலிருந்து குடிநீர் எடுத்துத் தருகிறது.

பவளப் பாறைதான் அந்தத் தீவுகளுக்கு மதில். கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவள உயிர்கள் வெளிறிச் சாகின்றன. லட்சத்தீவுகளில் 1998, 2010, 2016, மறுபடி 2024 ஆகிய ஆண்டுகளில் இது நிகழ்ந்தது. முதல் இடைவெளியைவிடப் பின்னவை குறுகியிருப்பதைப் பாருங்கள். பாறை மீண்டு வளர அவகாசமே இல்லை. மதில் இடிந்தால் அலை நேரே கரையை அரிக்கும். பங்காரம் பக்கத்தில் பறளி என்னும் ஆளில்லாத் தீவுகளில் ஒன்று முழுவதும் கரைந்துபோனதை 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்து மீனவர்களைக் காவு கொண்டுவிட்டு, லட்சத்தீவுகளையும் உலுக்கிச் சென்றது.

நம் கரையிலும் கதை உண்டு. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் இப்போது நீருக்கு அடியில். இதற்கு வெப்பத்தை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தவர்கள் நம் கரையைச் சேர்ந்தவர்கள்தாம். தாய் வீட்டின் சுவரை இடித்து அடுப்புக்கட்டி கட்டியது போன்ற வேலை.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. மலையகத்தில் மண்சரிவு, தாழ்வான ஊர்களில் வெள்ளம். டிட்வா என்பது எமன் நாட்டு ஸொக்கொத்ரா தீவில் உள்ள ஒரு கடற்கழியின் பெயர். ஒரு தீவின் பெயரைச் சுமந்து வந்த புயல் இன்னொரு தீவை அழித்தது.

இங்கே நம் வீடுகளில் எழும் ஒரு பேச்சைப் பார்க்கவேண்டும். "எல்லாம் அல்லாஹ்வின் கத்ரு. தீவு மூழ்கவேண்டும் என்று விதித்திருந்தால் மூழ்கும். நாம் என்ன செய்ய முடியும்?" இப்படிச் சொல்பவர்கள் ஈமான் குறைந்தவர்கள் அல்லர், பெரும்பாலும் பெரியவர்கள், தஸ்பீஹ் கையில் வைத்திருப்பவர்கள். ஆனால் இதே கேள்வி உமர் (ரலி) அவர்களிடமே கேட்கப்பட்டது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியில் ஸர்ஃ என்ற இடத்தில் கேள்வியுற்ற கலீஃபா, படையோடு திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது கத்ருதானே என்றும் கேட்டார்கள். உவமையைப் பாருங்கள்! மேய்ப்பன் எந்தச் சரிவுக்கு ஓட்டிப் போகிறான் என்பதற்கு மேய்ப்பனே பொறுப்பு.

மேலும், தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதால்தான் என்பதை ஸூரத்துர் ரூம் 41ஆம் ஆயத்து வெளிப்படையாகவே கூறுகிறது. கையால் செய்ததை விதியின் பெயரில் எழுதிவைக்க அங்கே இடமே விடப்படவில்லை.

அப்படியானால் யாருடைய கைகள்? இதற்குக் கப்பல் ஹதீதைத் தவிரச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் வருகிறது. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கிச் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைத்தன. கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வரவேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று அவர்கள் நினைத்தார்கள். மேலே உள்ளவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லாரும் அழிவார்கள். இதுதான் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன உவமையின் சாரம்.

இன்றைய கப்பலில் ஓட்டை போடுவது மேல்தளத்தார். உயரமான நாடுகளும் செல்வர்களும் எரித்த புகையில் கடல் உயர்கிறது. முதலில் நனைவது கீழ்த்தளத்தில் இருக்கும் தீவுவாசி. உலகத்துப் புகையில் மாலத்தீவின் பங்கு கணக்கில் சேர்க்கவே முடியாத அற்பம். அந்நாட்டு மந்திரிசபை 2009 அக்டோபரில் கடலுக்கடியில் மூழ்கியிருந்து கூட்டம் நடத்தியதைச் சிலர் வேடிக்கையாகப் பேசினார்கள். கீழ்த்தளத்தார் தட்டிய தட்டல் அது. பசிபிக் கடலின் வனுவாட்டு என்ற சிறு தீவு நாடு முன்னின்று வழக்கை எடுத்துச் செல்ல, 2025 ஜூலை 23இல் சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தை வழங்கியது: இந்தத் தீங்கைத் தடுக்கும் கடமை அரசுகளுக்குச் சட்டப்படியே உண்டு என்று. கீழ்த்தளத்தார் காதியிடம் போய் நியாயம் கேட்டு வந்துவிட்டார்கள்.

மேல்தளத்தார் என்றதும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் நினைத்து நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஒரு விஷயத்தை மனம் கசந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். திருச்சி விமான நிலையத்தில் துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் வழியனுப்பி வைக்காத முஸ்லிம் தெரு இந்த வட்டாரத்தில் உண்டா? பிள்ளைகளின் படிப்பு, பெண்மக்களின் திருமணம், ஏன், பல ஊர்ப் பள்ளிவாசல்களின் மினாராகூட வளைகுடாப் பணத்தில் எழுந்தவை. அந்தப் பணத்தின் ஊற்று பூமிக்கடியில் உள்ள எண்ணெய். எரிக்கப்பட்ட அந்த எண்ணெயின் புகையே மினிக்காய்த் தீவின் கிணற்றில் உப்பாக ஏறுகிறது. உழைத்துச் சம்பாதித்தது ஹலாலா ஹராமா என்று கேட்க வரவில்லை, ஹலால்தான். ஹலாலான சம்பாத்தியத்திலும் பிறருடைய ஹக்கு கலந்திருக்கும் என்பதனால்தானே ஜகாத்து விதிக்கப்பட்டது? ஆகிரத்தில் ஹுக்கூக்குல் இபாத் விசாரிக்கப்படும்போது, பார்த்தேயறியாத ஓர் அந்த்ரோத் தீவுக்காரர் நம் எதிரே வந்து நிற்கலாம் என்று நினைத்தால் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

தீவுகளுக்கான இழப்பு நிதி 2022இல் எகிப்தின் ஷர்முஷ் ஷைக்கில் முடிவாகி, 2023 நவம்பர் இறுதியில் துபாயில் நடைமுறைக்கு வந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைவிட்டு விலகிச் செல்வது என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்டதும் அதே துபாயில்தான். இரண்டுமே முஸ்லிம் நாடுகளின் மண். வாக்குக் கொடுத்த இடம் நம்முடையதாக இருக்கும்போது, அதை நிறைவேற்றக் கேட்கும் குரலிலும் நம் குரல் இருக்கவேண்டாமா?

இனி நம் வீட்டுக்குள், பள்ளிவாசலுக்குள் வருவோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்வார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள நீரில் குளிப்பார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முத்து என்பது இரு கைகளைச் சேர்த்து அள்ளும் அளவு. சுமார் முக்கால் லிட்டர், ஹனஃபி கணக்கில் சற்றுக் கூடும். குழாயைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டே உளூ செய்பவர், கால் கழுவி முடிப்பதற்குள் எத்தனை முத்து ஓடியிருக்கும் என்று ஒரு வாளியை அடியில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் உண்டு என்று ஸஅது (ரலி) அவர்களிடம் நபிகள் (ஸல்) சொன்னதாக இப்னு மாஜாவில் ஒரு ஹதீது இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு. ஆயினும் உளூவில் நீரை விரயம் செய்வது மக்ரூஹ் என்பதில் ஃபிக்ஹு உலமாக்களிடையே பேச்சு இல்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் திருச்சிக்காரர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது!

பழைய பள்ளிவாசல்களில் ஹவுள் இருந்தது. ஹனஃபி மத்ஹபில் பத்துக்குப் பத்து முழம், ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் என்று அளவு பேசி, தேங்கிய நீரையே சுத்தம் கெடாமல் ஒரு ஜமாஅத்து முழுவதும் பயன்படுத்தும் ஏற்பாட்டை நம் முன்னோர் செய்துவைத்தார்கள். அதில் கையளவு அள்ளித்தான் கழுவ முடியும். பல இடங்களில் ஹவுளை மூடிவிட்டு, பளிங்குத் தரையும் வரிசைக் குழாய்களும் போட்டிருக்கிறோம். ஹவுள் இருக்கும் பள்ளியின் முத்தவல்லிமார்கள் அதை மூடுமுன் ஒருமுறை யோசித்தால் நல்லது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஊரிலேயே விசாலமான கூரைகளில் ஒன்று பள்ளிவாசலின் கூரை. 2,000 சதுர அடி மேல்தளத்தில் ஒரு அங்குல மழை பெய்தால் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டருக்கு மேல் தேறும். அது இன்று பல பள்ளிகளில் குழாய் வழியே தெருச் சாக்கடைக்குப் போகிறது. பள்ளிக் கிணற்றுக்குப் போகவேண்டியதல்லவா? அல்லாஹ் நீரை அளவோடு இறக்கி நிலத்தில் தங்கவைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் அவன் ஆற்றலுள்ளவன் என்றும் ஸூரத்துல் முஃமினூன் 18ஆம் ஆயத்தில் பொருள் வருகிறது. தங்கவைக்கப்பட வேண்டியதை ஓடவிடுவது நம் கை செய்வது. நம் தாய்மார்கள் இஷாவுக்குப் பின் தவறாமல் ஓதும் தபாரக் ஸூராவின் கடைசி ஆயத்தின் கேள்வியும் இதுவே: உங்கள் நீர் ஆழத்துக்குப் போய்விட்டால் ஊற்று நீரை உங்களுக்குக் கொண்டுவருபவர் யார் என்பது. நாள்தோறும் ஓதுகிறோம், கிணற்றை எட்டிப் பார்க்கிறோமா?

வீடு கட்டும்போது ஆற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் செய்வதையும் விடலாம். ஆற்றின் மணல் என்பது நீரைப் பிடித்துவைக்கும் பஞ்சு. கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கத்தில், ஆற்றில் நீர் வற்றும் காலங்களில் கடல் பல கிலோமீட்டர் உள்ளே ஏறி வருகிறது. ஃபுர்கான் சொல்லும் அந்தத் திரை அங்கேயும் பின்வாங்குகிறது. மேலே திருச்சியில் பஞ்சை அள்ளினால் கீழே உப்பு ஏறும்.

கடைசியாக ஒன்று. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீர் எங்கிருந்து போகிறது தெரியுமா? திருச்சிப் பக்கத்துக் காவிரிப் படுகையிலிருந்து. நாம் உளூ செய்யும் அதே மணலின் நீர் குழாய் வழியே புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டிக் கீழக்கரைக்கும், பாம்பன் கடலுக்கு அப்பால் ராமேசுவரம் தீவுக்கும் போகிறது. அங்கே கிணறுகளில் உவர். இந்தக் குழாயை நம்பிக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆற்றுத் தீவின் நீரைக் கடல் தீவு குடிக்கிறது. பள்ளிவாசல் ஹவுளடியில் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயை மூடும்போது அந்தக் குடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் பள்ளிக் கூரையின் குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பும் வேலையை உங்கள் மஹல்லா ஜமாஅத்தில் இந்த ஜும்ஆவே பேசி முடிவு செய்யுங்கள். ஒரு கொத்தனாரும் சில அடி குழாயும் போதும்.

யா அல்லாஹ்! மாலேயிலும் கவரத்தியிலும் அந்த்ரோத்திலும் மினிக்காயிலும் வாழும் எங்கள் சகோதரர்களின் கிணறுகளை இனிமையாக்கி வைப்பாயாக. காவிரியையும் கொள்ளிடத்தையும் எங்கள் மீது தண்டனையாக்காமல் ரஹ்மத்தாக ஓடச் செய்வாயாக. ஆமீன்.